நெட்டில் பார்த்த கிலோமீட்டரை நம்பி கனெக்‌ஷன் போடாதீர்கள்

டிக்கெட் போட்டுத் தருவதுதான் என் தொழில். இந்த வாரம் மறுபடியும் ஒரு குடும்பம் கனெக்‌ஷன் விமானத்தை, அதாவது நடுவில் இறங்கி மாறி ஏற வேண்டிய அடுத்த விமானத்தை, கோட்டைவிட்டுவிட்டு ஏர்போர்ட்டிலிருந்து போன் செய்தது. மலிவாகக் கிடைக்கிறதே என்று இரண்டு டிக்கெட்டையும் தனித்தனியாக அவர்களே வாங்கியிருக்கிறார்கள். "ரெண்டு ஏர்போர்ட்டுக்கும் இவ்வளவு தூரம், இவ்வளவு நேரம்தான்னு நெட்ல போட்டிருந்துச்சே" என்கிறார்கள். இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

அந்த நேரம் எப்படி வருகிறது தெரியுமா? பூமியின் மேல் இரண்டு ஏர்போர்ட்டுக்கும் நடுவே இருக்கும் மிகக் குறுகிய கோட்டை அளந்து, மணிக்கு 800, 900 கிலோமீட்டர் என்று ஒரு வேகத்தால் வகுத்துவிடுகிறார்கள். அவ்வளவுதான். எந்த விமானமும் கிளம்பியதிலிருந்து இறங்குவது வரை அந்த வேகத்தில் போவதில்லை, அந்தக் கோட்டிலும் போவதில்லை. ஓடுபாதைக்கு வரிசையில் காத்திருக்க வேண்டும், மெதுவாக மேலே ஏற வேண்டும், வகுத்த வான்வழிகளில் திரும்பித் திரும்பிப் போக வேண்டும், இறங்கும் இடத்தில் நெரிசல் என்றால் மேலேயே வட்டமடிக்க வேண்டும். குறைந்த தூரப் பயணத்தில்தான் இந்தக் கணக்கு ரொம்பவே இடிக்கும், ஏனென்றால் பாதி நேரம் ஏறுவதிலும் இறங்குவதிலுமே போய்விடும்.

காற்றும் இருக்கிறது. லண்டனிலிருந்து நியூயார்க் போக ஏறக்குறைய 8 மணி நேரம், திரும்பி வர 7தான், தூரம் என்னவோ ஒன்றுதான். வழியும் மாறலாம். பின்லாந்தின் ஹெல்சின்கியிலிருந்து டோக்கியோவுக்கு ஒன்பதரை மணி நேரத்தில் போய்க்கொண்டிருந்தார்கள், 2022இல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்ட பிறகு சுற்றிப் போவதால் 13 மணி நேரம் ஆகிறது. எந்த ஊரும் இடம் மாறவில்லையே!

ஆகவே டிக்கெட்டில் உள்ள நேரத்தை மட்டும் பாருங்கள். அது விமானம் கேட்டை (பயணிகள் ஏறும் இடத்தை) விட்டு நகர்வதிலிருந்து அடுத்த கேட்டில் வந்து நிற்பது வரைக்கான நேரம், வழக்கமான தாமதத்துக்கும் அதில் கொஞ்சம் இடம் விட்டிருப்பார்கள். புறப்படும் நேரமும் சேரும் நேரமும் அந்தந்த ஊர் நேரம், நேராகக் கழித்துப் பார்க்காதீர்கள். பக்கத்தில் +1 இருந்தால் மறுநாள்.

அப்புறம், ஒரே ஊர் என்று போட்டிருந்தாலும் ஏர்போர்ட்டின் பெயரைப் படியுங்கள். லண்டனில் ஹீத்ரோவில் இறங்கி கேட்விக்கில் ஏற வேண்டும் என்றால் சாலையில் 60 கிலோமீட்டருக்கு மேல். டோக்கியோவில் நரிட்டாவிலிருந்து ஹனேடாவுக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இமிக்ரேஷன் தாண்டி வெளியே வர வேண்டும், அதற்கு விசா தேவைப்படலாம், பெட்டியை எடுத்து மறுபடி செக்-இன் போட வேண்டும், அந்த கவுண்டரையும் விமானம் கிளம்புவதற்கு வெகு முன்பே மூடிவிடுவார்கள். இதெல்லாம் அந்தக் கிலோமீட்டர் கணக்கில் எங்கே வருகிறது?

முடிந்தவரை இரண்டு விமானத்தையும் ஒரே பி.என்.ஆரில், அதாவது ஒரே புக்கிங் எண்ணில் போடுங்கள். முதல் விமானம் தாமதமானால் அடுத்ததில் ஏற்றிவிடும் பொறுப்பு விமான நிறுவனத்துடையது. தனித்தனி டிக்கெட் என்றால் இரண்டாவது விமானம் உங்களுக்காக நிற்காது, பெரும்பாலும் பணமும் திரும்பாது. தனித்தனியாகத்தான் வாங்குவேன் என்றால் நடுவில் அரை நாளாவது விடுங்கள். தேர்வு, அறுவை சிகிச்சை, வீட்டுக் கல்யாணம் என்று தள்ளிப்போட முடியாத வேலைக்குப் போகிறவர்கள், தயவுசெய்து முந்தின நாளே போய்ச் சேர்கிற மாதிரி டிக்கெட் எடுங்கள்.