ரத்த குரூப் சேரலைன்னா கிட்னி மாற்ற வழியே இல்லையா?

மதுரையில் சிறுநீரக மாற்று சிகிச்சைக்குக் குடும்பங்களைத் தயார்செய்யும் ஒருங்கிணைப்பாளர் வேலை எனக்கு. "கொடுக்க ஆளு இருக்கு, குரூப்தான் சேரலையாம்" என்று சொல்லி, மூளைச்சாவு அடைந்தவரின் கிட்னிக்காக அரசுப் பட்டியலில் பெயரைப் பதிந்துவிட்டு, வருடக்கணக்கில் டயாலிசிஸுக்கு அலைகிறவர்கள் அதிகம். பதிவது அவசியம்தான். அதோடு நின்றுவிடுவதைப் பார்த்தால்தான் மனசு பொறுக்கவில்லை.

முதலில், கிட்னிக்கு பாசிட்டிவ், நெகட்டிவ் ஒரு தடையே இல்லை. ஓ குரூப்காரர் எந்த குரூப்புக்கும் கொடுக்கலாம், ஏபி எவரிடமும் வாங்கலாம்.

அப்படியும் சேரவில்லையா? மேலூரில் நோயாளி கணவர் ஏ, கொடுக்க வந்த மனைவி பி என்று வைத்துக்கொள்வோம். தேனியில் நோயாளி மகன் பி, கொடுக்க வந்த அம்மா ஏ. தேனி அம்மாவின் கிட்னி மேலூர்க்காரருக்கு, மேலூர் மனைவியின் கிட்னி தேனிப் பையனுக்கு. இதுதான் ஸ்வாப். 2011-ல் திருத்திய உறுப்பு மாற்றுச் சட்டம், நெருங்கிய உறவினர் ஜோடிகளுக்குள் இதை அனுமதிக்கிறது. உறுப்பு தானத்தை விசாரித்து அனுமதிக்கும் அங்கீகாரக் குழுவின் ஒப்புதல் வேண்டும். நடுவில் யாரும் மனம் மாறிவிடக் கூடாது என்பதால் நான்கு ஆபரேஷனையும் கூடியவரை ஒரே நாளில் வைப்பார்கள். குரூப் சேராமலேயே மாற்றும் சிகிச்சையும் இருக்கிறது. செலவும் தொற்று அபாயமும் அதில் கூடுதல்.

பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள், கணவன், மனைவி, தாத்தா, பாட்டி, பேரன், பேத்தி: சட்டத்தில் நெருங்கிய உறவு இவ்வளவுதான். நம் வீடுகளில் சித்தியும் அம்மாதான், ஆனாலும் சித்தி கொடுக்க அங்கீகாரக் குழு சம்மதிக்க வேண்டும். கொடுப்பவர் யாராக இருந்தாலும் 18 வயது முடிந்திருக்கணும். "காசு கொடுத்தா ஆள் ரெடி" என்று எவன் வந்தாலும் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். வாங்குகிறவருக்கும் 10 வருடம் வரை சிறை.

கொடுப்பவரை நாங்கள் தனியாக உட்காரவைத்துப் பேசுவோம். உசிலம்பட்டிப் பக்கத்து அம்மா ஒருவர், கூட வந்த கூட்டம் வெளியே போகும்வரை மஞ்சப்பையின் காதைத் திருகிக்கொண்டே இருந்தார். அப்புறம் கேட்டார்: "ஒத்தக் கிட்னியோட களையெடுக்க முடியுமா தாயி?" முடியும். மிச்சமிருக்கும் கிட்னி கொஞ்சம் பெருத்து, கூடுதல் வேலையை ஏற்றுக்கொள்ளும். ஆறு வாரம் போல கனமான எதையும் தூக்கக் கூடாது. வருடாவருடம் பிரஷர், கிரியேட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை), யூரின் பார்த்துக்கொள்ள வேண்டும். அபாயமே இல்லை என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. குறைவு என்றுதான் சொல்வேன். கர்ப்பம் தரிக்க நினைக்கும் பெண்கள் முன்கூட்டியே டாக்டரிடம் பேச வேண்டும். விருப்பமில்லை என்று ஒருவர் சொன்னால், வீட்டாரிடம் "மருத்துவரீதியா ஒத்துவரலை" என்று மட்டும் சொல்லி முடித்துவிடுவோம். பெரும்பாலும் அம்மாவும் மனைவியுமே முன்வருகிறார்கள், அவர்களிடம் இதை நான் ரெண்டு தடவை சொல்வேன்.

மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலும் கிட்னி மாற்று சிகிச்சை நடக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் இதற்கு இடமுண்டு. டயாலிசிஸ் தொடங்கும்வரை காத்திருக்காமல், கிரியேட்டினின் ஏறத் தொடங்கும்போதே உங்கள் சிறுநீரக டாக்டரிடம் கேளுங்கள்: "எங்க வீட்டில் யார் யாரைச் சோதிக்கலாம்? சேரலைன்னா ஸ்வாப்புக்கு எங்க பெயரை எங்கே கொடுக்கணும்?"