காக்ளியா: காதுக்குள் ஒரு சுருள்

குழந்தைக்குக் காது கேட்கவில்லை என்று ஈ.என்.டி. டாக்டரிடம் போனால், சீட்டில் 'காக்ளியர் இம்ப்ளாண்ட்' என்று எழுதித் தருகிறார். பாம்பனிலோ கீழக்கரையிலோ வீடு வந்து சேர்வதற்குள் அது 'காது நரம்பு ஆபரேஷன்' ஆகிவிடும். 'நரம்பு செத்துப்போச்சுன்னா ஆபரேஷன் பண்ணி என்ன ஆகப்போகுது' என்று வீட்டுப் பெரியவர் ஒருவர் சொல்வார். அந்தப் பேச்சிலேயே ஒரு வருஷம் போய்விடும். உண்மையில் பெரும்பாலான குழந்தைகளுக்குப் பழுது நரம்பில் இல்லை, உட்காதில் உள்ள காக்ளியா என்ற சுருளில்தான். அதனால்தான் இந்தச் சொல்லை நன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்கிறேன்.

கிரேக்கத்தில் 'கோக்லோஸ்' என்றால் சுருண்ட ஓடுள்ள கடலுயிர். அதிலிருந்து நத்தையையும் சுருளையும் குறிக்கும் 'கோக்லியாஸ்' வந்தது. லத்தீனுக்குப் போய் 'கோக்லியா' ஆனது. உட்காதின் உறுப்பு ஒன்றுக்கு இந்தப் பெயரை இட்டவர் 16ஆம் நூற்றாண்டின் இத்தாலிய உடற்கூற்று அறிஞர் ஃபலோப்பியோ. ஆங்கிலம் வழியாக நாம் அதைக் காக்ளியா என்கிறோம்.

இராமேசுவரம் கடைத்தெருவில் நெடுக்குவாட்டில் அறுத்த சங்கு கிடைத்தால் கையில் எடுத்துப் பாருங்கள். நடுவில் ஒரு தண்டு நிற்கும். அதைச் சுற்றிச் சுற்றி ஒரு பாதை ஏறும். அடியில் அகலம், மேலே போகப் போக இடுக்கு. காக்ளியாவும் இந்த அமைப்புதான், பட்டாணி அளவில். சுற்று இரண்டரையிலிருந்து இரண்டே முக்கால். சுருளை நீட்டினால் சுமார் 35 மில்லிமீட்டர் வரும். பாதைக்குள் திரவம் நிறைந்திருக்கும். நடுத்தண்டுக்குள் செவிநரம்பு ஓடும். வலக்காதும் இடக்காதும் ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பம் என்பதால் ஒன்று வலம்புரி என்றால் மற்றது இடம்புரி. கடலில் அரிதாகக் கிடைக்கும் வலம்புரி நம் எல்லாரிடமும் ஒன்று இருக்கிறது என்று நினைக்க எனக்குப் பிடிக்கும்.

இந்தப் பாதை நெடுக ஏறத்தாழ 15,000 மயிர்ச்செல்கள் வரிசையாக நிற்கின்றன. ஒலி வந்தால் திரவம் அசையும், செல்களின் நுனி மயிர்கள் சாயும், அந்த அசைவு மின்குறியாக நரம்புக்குள் ஏறும். கீச்சுக்குரல் போன்ற ஒலி அடிச்சுற்றில் பதியும், கனத்த ஒலி உச்சியில் பதியும். உட்காதில் ஒலி இப்படிப் பகுபடும் விதத்தை ஆராய்ந்த அறிவியலாளர் பெகெஷிக்கு 1961இல் நோபல் பரிசு கிடைத்தது.

மனிதருக்கு மயிர்ச்செல் செத்தால் மறுபடி முளைக்காது. டீசல் எஞ்சின் பக்கத்திலேயே வருஷக்கணக்கில் நிற்பவருக்கு அடிச்சுற்றுப் பக்கத்துச் செல்கள் முதலில் போகும். அதனால்தான் 'சத்தம் கேக்குது, என்ன பேசுறாகன்னு விளங்கலை' என்பார். ச, த போன்ற மெய்யொலிகள் நழுவிவிடுகின்றன. அவருக்குக் கத்திப் பேசினால் போதாது. முகம் பார்த்து நிதானமாகப் பேச வேண்டும், காதொலிக் கருவி வைக்க வேண்டும்.

குரும்பி அடைப்பு, சீழ், கிழிந்த செவிப்பறை ஆகியவை காக்ளியாவுக்கு வெளியே உள்ள கோளாறுகள். பெரும்பாலும் மருந்திலோ சிறு அறுவையிலோ சரியாகும். சங்கு குளிப்பவர்களும் பாசி எடுக்கும் பெண்களும் காது அடைத்தால் எண்ணெய் காய்ச்சி ஊற்றுவது உண்டு. பறை கிழிந்திருந்தால் அது பெருங்கேடு, வேண்டாம். முங்கி எழுந்ததும் ஒரு காது திடீரென்று கேட்காமல் போய்த் தலையும் சுற்றினால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். திடீர்க் கேளாமைக்கு மருந்து உண்டு, நாள் தள்ளினால் பலன் குறையும்.

இனி இம்ப்ளாண்ட். செத்த செல்களைத் தாண்டி, நடுத்தண்டில் உள்ள நரம்பையே மின்னால் தொடுவதுதான் இதன் வேலை. பழுதானது நரம்பு என்றால் இது பயன்படாது. நரம்பு நன்றாக இருப்பதால்தான் பயன்படுகிறது. ஆஸ்திரேலியாவின் காது மருத்துவர் கிரேம் கிளார்க், பல மின்முனைகள் கொண்ட கம்பியை அந்தச் சுருளுக்குள் எப்படிச் செலுத்துவது என்று தெரியாமல் தவித்தார். 1977இல் ஒரு கடற்கரையில் சுருள்சிப்பி ஒன்றை எடுத்து அதற்குள் புல்லைச் செருகிப் பார்த்தார். நுனி வளைந்து, அடி விறைப்பாக இருந்த புல் உள்ளே சுற்றிக்கொண்டு போனது. மறு வருஷமே மெல்போர்னில் ஒருவருக்குக் கருவி பொருத்தினார்.

தமிழில் என்ன சொல்லலாம்? 'செவிச்சங்கு' நம் கரைக்கு இனிக்கும், ஆனால் 'சங்கை நெரிப்பேன்' என்னும்போது சங்கு கழுத்தாகிவிடுகிறது. நூல்களில் வழங்கும் 'நத்தைச்சுருள்' மூலப்பொருளையும் வடிவத்தையும் சேர்த்துத் தருகிறது. என் தேர்வு அதுதான். இம்ப்ளாண்டை 'நத்தைச்சுருள் உள்வைப்பு' எனலாம். 'செயற்கைக் காது' என்பதை ஒப்ப மாட்டேன். வைத்த மறுநாளே எல்லாம் கேட்கும் என்ற ஆசையை அது கிளப்புகிறது. கருவி தரும் ஒலியைப் பேச்சாகப் புரிந்துகொள்ள மாதக்கணக்கில், பல குழந்தைகளுக்கு வருஷக்கணக்கில், பேச்சுப் பயிற்சி வேண்டும்.

பிறவிக் கேளாமைக்கு வயது முக்கியம். சொந்தத்தில் கல்யாணம் செய்த வீடுகளில் கூடுதல் கவனம் வேண்டும். பிறந்ததும் காது கேட்கிறதா என்று பார்க்கும் ஓ.ஏ.ஈ. சோதனை, ஐயம் இருந்தால் ஒலிக்கு மூளைத்தண்டு காட்டும் மின்குறியை அளக்கும் பெரா டெஸ்ட். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட தகுதியுள்ள குழந்தைகளுக்கு இந்த அறுவையைச் செய்கிறார்கள். முதல் மூன்று வயதுக்குள் வைத்தால் பேச்சு நன்றாக வரும். பிறகு நம் ஊர் உப்புக்காற்றிலிருந்து இம்ப்ளாண்டோடு சேர்த்துக் காதுக்கு வெளியே மாட்டும் கருவியைக் காக்க வேண்டும்: கடலில் இறங்கும் முன் கழற்றுங்கள், வியர்வையைத் துடையுங்கள், இரவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள்.