நோயாளி 'சிக்' என்றால் காய்ச்சலா என்று கேட்காதீர்கள்

இந்த வாரம் மட்டும் மூன்று பேர். பிரிட்டனுக்குப் போகவிருக்கும் நர்ஸ்களுக்கு, மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடி-யின் பேச்சுத் தேர்வுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். நோயாளியாக உட்கார்ந்து, 'ஐ வாஸ் சிக் ட்வைஸ் திஸ் மார்னிங்' என்றேன். மூவருமே, "காய்ச்சலா? எத்தனை நாளா?" என்றார்கள். காலையிலிருந்து இரண்டு தடவை வாந்தி எடுத்தேன் என்றல்லவா சொன்னேன்!

கோபப்பட்டேன். காரணம் இருக்கிறது. என்னிடம் படித்து அங்கே வேலைக்குப் போன பெண் ஒருநாள் போனில் அழுதாள். படியில் விழுந்து தலையில் அடிபட்டு வந்த பெரியவர் இதே சொல்லைச் சொல்ல, 'அடிக்கடி உடம்புக்கு முடியாமல் போகும்' என்று குறிப்பெழுதிவிட்டாள். சீனியர் நர்ஸ் மறுபடி விசாரித்ததால்தான் அவர் வாந்தி எடுத்தது தெரியவந்தது. தலையில் அடிபட்ட வயதுவந்தவர்கள் ஒரு தடவைக்கு மேல் வாந்தி எடுத்திருந்தால், அது தெரிந்த 1 மணி நேரத்துக்குள் சி.டி. ஸ்கேன் என்பது அங்கே மருத்துவ நெறிமுறைகளை வகுக்கும் 'நைஸ்' அமைப்பின் வழிகாட்டுதல்.

'சிக்' (sick) என்றால் சின்ன நோய், 'இல்' (ill) என்றால் பெரிய நோய் என்று யார் சொல்லிக்கொடுத்தார்களோ! அப்படியானால் 'சீரியஸ்லி இல்' என்பதில் 'சீரியஸ்லி' எதற்கு? அமெரிக்காவில் புற்றுநோயாளியையும் 'வெரி சிக்' என்பார்கள். பிரிட்டனில் இரண்டு நாள் ஃப்ளூவில் படுத்தவர்கூட 'ஐ வாஸ் இல்' என்பார். அமெரிக்கப் பேச்சில் 'இல்' சற்றுக் கனமாக ஒலிக்கும், உண்மைதான். அதை வைத்து விதி கட்டாதீர்கள். எந்த ஊர்க்காரர் சொல்கிறார், பக்கத்தில் என்ன சொல் நிற்கிறது என்று பாருங்கள். பிரிட்டனில் 'பீன் சிக்' பெரும்பாலும் வாந்தி, 'ஃபீல் சிக்' குமட்டல். அதே ஊரில் 'ஆஃப் சிக்' என்றால் உடம்பு சரியில்லாமல் லீவு. 'சிக் சைல்ட்' என்றால் நோயுற்ற குழந்தை. நம்மூர்ப் பாட்டி "வாயால எடுத்தேன்" என்றால், எதை எடுத்தீர்கள் என்றா கேட்போம்?

'இல்' பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்தது. 'கெட்ட' என்பதே அதன் முதல் பொருள். ஆகவே ஒரு மூதாட்டி தன்னை 'இல்-ட்ரீட்' செய்கிறார்கள் என்றால், சிகிச்சையில் குறை என்று எழுதிவிட்டு நகராதீர்கள். தன்னைக் கொடுமைப்படுத்துகிறார்கள் என்கிறார். உடனே மேலே தெரிவியுங்கள்.

'சிக்' என்று காதில் விழுந்ததும் 'டிட் யூ வாமிட்?' என்று கேளுங்கள். எத்தனை தடவை, ரத்தம் இருந்ததா, கடைசியாக எப்போது? குறிப்பில் 'வாமிட்டட்' என்றே எழுதுங்கள். திரும்பக் கேட்டால் ஆங்கிலம் தெரியாதவள் என்று நினைப்பார்களோ என்று கூச்சப்படாதீர்கள், கண்ணுகளா. அங்கே பிறந்து வளர்ந்த நர்ஸும் கேட்டுத்தான் எழுதுகிறார்.