கணவர் பிரெஞ்சுக் குடிமகன்: மனைவிக்குப் பிரித்தானியக் குடியுரிமை எப்போது?

லண்டனில் என்னிடம் ஆலோசனைக்கு வரும் தமிழ்க் குடும்பங்களில் பல, பிரான்ஸ், ஜேர்மனி, நெதர்லாந்து, டென்மார்க் என்று ஏதாவது ஒரு நாட்டில் குடியுரிமை எடுத்துவிட்டுப் பிறகு இங்கே குடிவந்தவை. கணவரிடம் அந்த நாட்டுப் பாஸ்போர்ட். மனைவி யாழ்ப்பாணத்திலிருந்தோ திருச்சியிலிருந்தோ கல்யாணமாகி வந்திருப்பார். சில வீடுகளில் இது மறுவளமாக இருக்கும். சட்டம் இருவருக்கும் ஒன்றுதான். அவர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இது:

"இவருக்குப் பிரெஞ்சுப் பாஸ்போர்ட் இருக்கு. எனக்கு மூண்டு வருசத்திலை சிட்டிசன்ஷிப் கிடைக்கும் எண்டு சொல்லுகினம், உண்மையோ?"

இல்லை. மூன்று வருடக் கணக்கு பிரித்தானியக் குடிமக்களின் கணவன் அல்லது மனைவிக்கு மட்டும் உரியது. ஐரோப்பியக் குடிமகனின் மனைவி என்ற காரணத்துக்காக யாருக்கும் அந்தச் சலுகை கிடையாது. இதைத் தெரியாமல் விண்ணப்பித்து, 1,600 பவுண்டுக்கு மேல் கட்டிய பணத்தை இழந்தவர்கள் இருக்கிறார்கள். மறுக்கப்பட்டால் குடியுரிமை வழங்கும் விழாவுக்கான கட்டணத்தை மட்டும்தான் திருப்பித் தருவார்கள்.

முதலில் நிரந்தர வதிவிடம். பிரெக்சிட்டுக்குப் பிறகு ஐரோப்பியக் குடும்பங்களுக்கான வழி செட்டில்மென்ட் ஸ்கீம்தான். இதில் 31 டிசம்பர் 2020 என்ற நாள் கல்லில் வெட்டியது போல. அதற்கு முன் கணவர் இங்கே குடிவந்து, திருமணமும் நடந்திருந்தால், மனைவி இன்றும் இந்த வழியில் கணவரோடு வந்து சேரலாம். வந்து மூன்று மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அதற்குப் பிறகு திருமணம் செய்தவர்கள் பெரும்பாலும் சாதாரண ஸ்பௌஸ் விசாவுக்குத்தான் போக வேண்டும். கொரோனாவால் 2020 இல் கல்யாணம் தள்ளிப்போன ஒரு துருக்கியர் அப்பீல் நீதிமன்றம் வரை போய்ப் பார்த்தார். 2023 இல் அங்கேயும் தோற்றார்.

ஸ்கீமுக்குள் வந்தவருக்கு முதலில் பிரி-செட்டில்ட் என்ற தற்காலிக வதிவிடம். ஐந்து வருடம் ஆனதும் செட்டில்ட் ஸ்டேட்டஸ், அதுதான் நிரந்தர வதிவிடம். முன்பு எந்த 12 மாதத்திலும் 6 மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால், சில விதிவிலக்குகள் தவிர, கணக்கு அறுந்துவிடும். 2025 ஜூலை 16 முதல் இதைத் தளர்த்தியிருக்கிறார்கள். பிரி-செட்டில்ட் வைத்திருப்பவர் கடைசி 60 மாதங்களில் மொத்தமாக 30 மாதம் இங்கே இருந்திருந்தால் போதும். ஊரில் அம்மா அப்பாவைப் பார்க்கப் போய் நின்றுவிட்ட பலருக்கு இது பெரிய ஆறுதல்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்தத் தளர்வு வதிவிடத்துக்கு மட்டும்தான். குடியுரிமைக்கு, நாட்டுக்கு வெளியே இருந்த நாட்கள் ஐந்து வருடத்தில் 450, கடைசி வருடத்தில் 90 என்ற எல்லை அப்படியே இருக்கிறது. ஒன்றில் தேறியவர் மற்றதில் தவறலாம்.

இன்னொன்று, பிரி-செட்டில்ட் முடியும் நேரத்தில் ஹோம் ஆபிஸ் (உள்துறை அமைச்சு) தானாகவே அதை நீட்டிவிடுகிறது. "நீட்டிட்டாங்கள்தானே" என்று பேசாமல் இருந்துவிடாதீர்கள். குடியுரிமைக்குச் செட்டில்ட் கட்டாயம். துணை பிரித்தானியர் அல்லாதவர்களுக்கான சாதாரண ஐந்து வருட வழியில், அது கிடைத்த நாளிலிருந்து இன்னும் 12 மாதம் காத்திருக்கவும் வேண்டும். செட்டில்ட் விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை, ஐந்து வருடம் ஆனதும் போட்டுவிடுங்கள்.

இனி நான் அதிகம் சொல்ல விரும்பும் விஷயம்: வீட்டில் யார் முதலில் விண்ணப்பிப்பது என்ற ஒழுங்கு.

லெஸ்டரில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணவர் பிரெஞ்சுக் குடிமகன். மனைவி 2019 கடைசியில் வந்தவர். 2023 இல் அம்மாவுக்குச் சுகமில்லை என்று ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை யாழ்ப்பாணத்தில் நின்றார், ஏறத்தாழ 240 நாள். மற்றபடி வருடத்துக்கு ஆறு கிழமை ஊர்ப் பயணம். 2026 நவம்பரில் சாதாரண வழியில் போட்டால், ஐந்து வருடக் கணக்கு 450 நாளை முட்டிக்கொண்டு நிற்கும். அதற்கு முன் கணவர் பிரித்தானியக் குடியுரிமை எடுத்திருந்தால்? மனைவிக்குப் பார்ப்பது மூன்று வருடம்தான், எல்லை 270 நாள். அந்த எட்டு மாதம் கணக்குக்குள்ளேயே வராது. விண்ணப்பிக்கும் நாளில் செட்டில்ட் கையில் இருந்தால் சரி, 12 மாதக் காத்திருப்பும் இல்லை.

"அவர் பிரித்தானியரானால் என்னுடைய ஐரோப்பிய உரிமை போய்விடாதா?" என்று பயப்படுபவர்கள் உண்டு. இங்கே வந்து வாழ்ந்து, அதன் பிறகு குடியுரிமை எடுத்தவருடைய துணைக்கு உரிமை போகாது. ஸ்பானியப் பெண் ஒருவரின் அல்ஜீரியக் கணவர் தொடுத்த லூனஸ் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 2017 நவம்பரிலேயே இதைச் சொல்லிவிட்டது. செட்டில்மென்ட் ஸ்கீமின் விதிகளும் அதை ஏற்றுக்கொண்டிருக்கின்றன.

நெதர்லாந்துக் குடும்பங்களுக்கு, கணவர் முதலில் என்ற இந்த ஒழுங்கு ஆபத்து. விரும்பி வேறு குடியுரிமை எடுத்தால் டச்சுக் குடியுரிமை பொதுவாகத் தானாகவே போய்விடும். எடுக்கும் குடியுரிமை ஏற்கெனவே வாழ்க்கைத் துணையிடம் இருந்தால் அதற்கு விலக்கு உண்டு. ஆகவே இங்கே மனைவி முதலில், கணவர் பிறகு. மனைவிக்குக் கூடுதல் காத்திருப்புத்தான், ஆனால் கணவரின் டச்சுக் குடியுரிமை மிஞ்சும். பிரான்ஸ், டென்மார்க் காரருக்கு இந்தக் கவலை இல்லை. ஜேர்மனியும் 2024 ஜூன் முதல் இரட்டைக் குடியுரிமையை அனுமதிக்கிறது. மனைவி பக்கத்தையும் பாருங்கள். பிரித்தானியக் குடியுரிமை எடுத்த நாளில் இந்தியக் குடியுரிமை முடிந்துவிடும், பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டு ஓசிஐ என்ற வெளிநாட்டு இந்தியர் அட்டைக்குத்தான் போகலாம். இலங்கைக் குடியுரிமையும் போகும், ஆனால் இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வழி இருக்கிறது.

நாள் எண்ணும்போது புறப்பட்ட நாளையும் வந்திறங்கிய நாளையும் சேர்க்காதீர்கள். ஜூலை 1 போய் 10 திரும்பினால் எட்டு நாள்தான். அந்த ஐந்து அல்லது மூன்று வருடக் கணக்குத் தொடங்கும் நாளில் நீங்கள் இந்த நாட்டுக்குள் இருந்தீர்களா என்றும் பாருங்கள். ஊரில் நின்ற நாளாக இருந்தால் விண்ணப்பத்தைச் சில நாள் தள்ளிப் போடுவதே நல்லது. குடியுரிமைக்கு வேண்டிய லைஃப் இன் த யூகே பொது அறிவுப் பரீட்சையும் பி1 (இடைநிலை) ஆங்கிலமும் உங்களுக்குத் தெரிந்தவை, 65 வயதானவருக்கு இரண்டும் இல்லை.

கடைசியாக, நம்மவர்கள் வெளியே பேசத் தயங்கும் ஒன்று. முன்பு அனுமதியில்லாமல் இங்கே வந்து, அகதி விண்ணப்பம் போட்டு, பிறகு ஐரோப்பியக் குடிமகனையோ குடிமகளையோ கட்டி செட்டில்ட் எடுத்தவர்கள் நிறையப் பேர். 2025 பெப்ரவரி 10 முதல், சட்டவிரோதமாக நுழைந்தவரின் குடியுரிமை விண்ணப்பத்தை, எத்தனை வருடம் ஆகியிருந்தாலும், வழக்கமாக மறுப்போம் என்று ஹோம் ஆபிஸ் தன் வழிகாட்டலை மாற்றிவிட்டது. இது எனக்கு நியாயமாகப் படவில்லை. இருபது வருடம் வேலை செய்து வரி கட்டியவருக்கும் இதே பதில்தான். ஆனால் இதற்குப் பயந்து பழைய பெயரையோ பிறந்த திகதியையோ மறைத்தால் இன்னும் மோசம். பொய் சொன்னதாகக் கண்டால் பொதுவாகப் பத்து வருடத்துக்கு வழி அடைபடும். கையில் இருக்கும் செட்டில்ட், குடியுரிமை மறுக்கப்பட்டதற்காகப் போகாது. அப்படி வந்தவர்கள் ஃபாரம் நிரப்பித் தருகிறேன் என்று சொல்லும் தெரிந்த அண்ணையிடம் போகாமல், பதிவுபெற்ற சொலிசிட்டர் ஒருவரிடமோ இமிகிரேஷன் அட்வைஸ் அதோரிட்டியில் பதிந்த ஆலோசகரிடமோ போங்கள். போவதற்கு முன், உங்கள் பழைய ஃபைல் முழுவதையும் ஹோம் ஆபிஸிடம் கேட்டு வாங்குங்கள். சப்ஜெக்ட் அக்சஸ் ரிக்வெஸ்ட் என்று கேட்டால் இலவசமாகத் தருவார்கள்.