மருதாணிப் பொட்டலத்தையும் கையோடு கொண்டு வாருங்கள்

ஆவணியில் கல்யாணம். இன்னும் பதினாறு நாள்தான் இருக்கிறது என்ற நிலையில் ஒரு பெண் அம்மாவோடு என் பார்லருக்கு வந்தாள். தலையைச் சுற்றித் துப்பட்டா. நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் அதை எடுத்தாள். இடுப்பு வரை இருந்த முடி காதுக்குக் கீழே கொத்துக் கொத்தாக அறுந்திருந்தது. மிச்சம் இருந்த ஹைலைட்ஸ், அதாவது வெளுத்துக் கலர் ஏற்றிய இழைகள், சில இடத்தில் செங்கல் நிறம், சில இடத்தில் பாசி படிந்த மாதிரி பச்சை. ஒரு கொத்தை நனைத்து லேசாக இழுத்துப் பார்த்தேன். ரப்பர் போல நீண்டு கையோடு வந்துவிட்டது.

முந்தின நாள் வேறொரு பார்லரில் பலயாஜ் போட்டிருக்கிறார்கள். நுனியை நோக்கி வெளிறிப் போகும்படி இழைகளை வெளுக்கும் முறை அது. வெளுக்கும் கலவை தடவிய முடியை அலுமினிய ஃபாயிலில் சுற்றி வைத்திருக்கிறார்கள். "ஃபாயில் சுடுதுங்கன்னு சொன்னேன் அக்கா, கொஞ்ச நேரம் பொறுத்துக்கங்கன்னாங்க" என்றாள்.

"முன்னாடி கலர் பண்ணியிருக்கீங்களான்னு கேட்டாங்களா கண்ணு?"

"கேட்டாங்க. இல்லைன்னு சொன்னேன். நான் கலரே பண்ணதில்லீங்களே."

பின்னால் நின்ற அம்மா சொன்னார்: "மாசம் ஒருக்கா மருதாணிப் பொடி மட்டும் போட்டுவிடுவேனுங்க. அது கெமிக்கல் இல்லீங்களே."

இந்த வருஷம் எனக்கு இது நான்காவது தலை. நான்கு பேருமே பொய் சொல்லவில்லை. மருதாணி கலர் இல்லை என்று உண்மையாகவே நம்பினார்கள். கோயம்புத்தூரில் பதினான்கு வருஷமாக முடிக்குக் கலர் போடுகிறேன். இந்த ஒரு நம்பிக்கையால் கெட்டுப்போன முடியைப் பார்த்த அளவுக்கு வேறு எதனாலும் கெட்டுப் பார்த்ததில்லை. அதனால் ஹைலைட்ஸ் பற்றி என்ன எழுதினாலும் முதலில் இதைத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

மருதாணி ஒரு சாயம். இலையில் இருக்கும் சாயப்பொருள் முடியின் புரதத்தோடு பிடித்துக்கொள்ளும், தேய்த்துக் குளித்தால் போகாது. சரி, அது மட்டும்தான் என்றால் பெரிய ஆபத்தில்லை. சுத்தமான மருதாணி போட்ட முடியில், நிறத்தை வெளுக்கும் பிளீச் வைத்தால் ஆரஞ்சு நிறம் பிடிவாதமாக நிற்கும், கேட்ட நிறம் வராது, அவ்வளவுதான். ஆனால் கடையில் மருதாணி என்ற பெயரில் விற்கும் எல்லாப் பொட்டலத்திலும் மருதாணி மட்டுமே இருப்பதில்லை. இதைத்தான் யாருமே கேட்க மறுக்கிறார்கள்.

தயவுசெய்து இதை மட்டும் நினைவில் வையுங்கள். சுத்தமான மருதாணி ஒருபோதும் கருப்பாகப் பிடிக்காது. செம்மை கலந்த ஆரஞ்சாகத்தான் பிடிக்கும். உங்கள் கையில் வருகிற மாதிரி செம்மை சாயல்தான் நரைமுடியிலும் வரும். ஒரு பொடி நரையைக் கருப்பாக்கினால் அதில் வேறு ஏதோ இருக்கிறது. அது அவுரியாக இருக்கலாம். அவுரியும் நீலச் சாயம் தரும் செடிதான், நல்ல செடிதான், ஆனால் அதன் மேல் பிளீச் வைத்தால் பச்சை தட்டும். அரை மணி நேரத்தில் கன்னங்கரேலென்று கருப்பாகிறது என்றால் பெரும்பாலும் பிபிடி. சாதாரண டையில் இருக்கும் அதே சாயப்பொருள், அட்டையில் மட்டும் மருதாணி இலைப் படம். மூன்றாவது வகைதான் எனக்குப் பயம் தருவது: உலோக உப்பு கலந்தவை. போடப் போட கொஞ்சம் கொஞ்சமாகக் கருக்கும் வகையில் இது அதிகம். உலோக உப்பு ஏறிய முடியில் பிளீச்சும் அதோடு கலக்கும் பெராக்சைடும் பட்டால் ஃபாயிலுக்குள் சூடு கிளம்பும், சில சமயம் புகையே வரும். முடி அங்கேயே வெந்துவிடும். ஈய அசிடேட் என்ற உலோக உப்பு சேர்த்த தலைச்சாயங்களுக்கு 1980-ல் கொடுத்த அனுமதியை அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2018-ல் விலக்கிக்கொள்வதாக அறிவித்தது. அங்கேயே இத்தனை காலம் விற்றிருக்கிறது. நம் ஊரில் பெயர் தெரியாத பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று நான் எப்படிச் சொல்ல முடியும்?

"அது போன வருஷம் போட்டதுங்க, இப்பப் போயிருக்கும்" என்பார்கள். போகாது. முடி மாதத்துக்குச் சுமார் ஒன்றேகால் சென்டிமீட்டர்தான் வளரும். எழுபத்தைந்து சென்டிமீட்டர் நீளமுள்ள முடியின் நுனி ஐந்து வருஷத்துக்கு முன்னால் முளைத்தது. அன்றிலிருந்து போட்ட மருதாணி, டை, முடியை நேராக்கும் ஸ்மூத்தனிங் எல்லாமே அந்த நீளத்தில் அப்படியே இருக்கின்றன. வெட்டி எறிந்தது மட்டும்தான் போனது.

என்னோடு தொழில் செய்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. "கலர் பண்ணியிருக்கீங்களா" என்று கேட்காதீர்கள், இல்லை என்றுதான் பதில் வரும். "தலைக்கு என்னென்ன தடவியிருக்கீங்க, அம்மா என்ன போட்டுவிடுவாங்க, நரைக்கு என்ன போடறீங்க" என்று கேளுங்கள். சந்தேகம் இருந்தால் பத்து இழையை வெட்டி, 6% பெராக்சைடு இருபது பங்குக்கு 28% அமோனியா ஒரு பங்கு கலந்து அரை மணி நேரம் ஊறவிடுங்கள். நுரைத்தாலோ, சூடானாலோ, நாற்றம் வந்தாலோ, நிறம் சட்டென்று மாறினாலோ அந்தத் தலையில் பிளீச் வைக்கக் கூடாது. ஃபாயில் சுடுகிறது என்று ஒரு பெண் சொன்ன அந்த நொடியே பிரித்துக் கழுவுங்கள். பொறுத்துக்கொள்ளச் சொல்வதற்கு அதில் எதுவுமே இல்லை.

இனி எந்த நிறம் என்ற விஷயத்துக்கு வருகிறேன்.

போனில் ஒரு படத்தைக் காட்டி "இதே மாதிரி வேணும்" என்பார்கள். படத்தில் இருக்கும் பெண்ணின் சொந்த நிறமே இளம் பழுப்பாக இருக்கும். நாங்கள் முடியின் கருமையை 1 முதல் 10 வரை எண்ணில் சொல்வோம். 1 கருப்பு, 10 மிக வெளிர் பொன்னிறம். நம் ஊர்ப் பெண்களின் முடி பெரும்பாலும் 1 முதல் 3 வரை. அங்கிருந்து மேலே ஏறும்போது வழியில் சிவப்பு வரும், அப்புறம் ஆரஞ்சு, அப்புறம் மஞ்சள். யார் முடியானாலும் இந்த வரிசை மாறாது. கேரமல், தேன் நிறமெல்லாம் 6, 7, 8-க்குள் அடங்கிவிடும். ஏறும் வழியில் வரும் ஆரஞ்சே அந்த நிறத்துக்கு அடித்தளமாகிவிடும். ஆனால் ஆஷ் என்று கேட்கும் அந்தச் சாம்பல் பழுப்பின் வெளிர் வகைக்கு 9 வரை ஏற்றி, மேலே டோனர் போட வேண்டும். வெளுத்த முடியின் சாயலைத் திருத்தும் மெல்லிய பூச்சு அது. நாலைந்து வாரத்தில் டோனர் கழுவிப் போனதும் கீழிருக்கும் மஞ்சள் வெளியே வரும். மறுபடி டோனர், மறுபடி செலவு. இதைத் தெரிந்துகொண்டு கேட்பவர்களுக்கு நான் போட்டுத்தருகிறேன். தெரியாமல் கேட்பவர்களிடம் உட்கார்ந்து பேசுகிறேன்.

பல நிறம் என்றால் பல சாயம் வாங்க வேண்டும் என்று அர்த்தமில்லை. உங்கள் சொந்தக் கருப்புதான் முதல் நிறம், அதைத் தொடாமல் விட வேண்டும். அதைவிட இரண்டு மூன்று படி ஏறிய காபிப் பழுப்பு ஒன்று, முகத்தைச் சுற்றியும் நுனியிலும் இன்னும் இரண்டு படி ஏறிய மெல்லிய இழைகள். இந்த மூன்றும் போதும். தலை முழுக்கப் பட்டை பட்டையாக ஒரே வெளிர் நிறம் போட்டால் வெயிலில் வரிவரியாகத் தெரியும், அசைவே இருக்காது.

நீங்கள் தினமும் முடியை எப்படி வாருகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். இதைப் பலர் கேட்பதே இல்லை. தினமும் பின்னல் போடுகிறவருக்கு இழைகளை மெலிதாகவும் நெருக்கமாகவும் வைப்பேன். பின்னும்போது மூன்று நிறமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வருவது அவ்வளவு அழகாக இருக்கும். கொண்டை போடுகிறவருக்குப் பிடரிப் பக்கமும் பார்க்க வேண்டும். நடுவகிடு எடுத்துக் குங்குமம் வைக்கிறவருக்கு வகிட்டை ஒட்டி ஃபாயில் வைக்க மாட்டேன். இரண்டு விரற்கடை தள்ளித்தான் தொடங்குவேன். வேரை ஒட்டி வைத்தால் இரண்டே மாதத்தில் கருப்புக் கோடு தெரியும், தள்ளித் தொடங்கினால் நாலைந்து மாதம் கவலையில்லை.

"நான் கருப்பா இருக்கேனே, எனக்கு இதெல்லாம் நல்லாருக்குமா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்கும் பெண்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். நன்றாக இருக்கும். ஆழ்ந்த மாநிறத்துக்கும் கருப்பு நிறத்துக்கும் செம்பு, தாமிரப் பழுப்பு, அடர் கேரமல், பர்கண்டி இவையெல்லாம் பொருந்துகிற மாதிரி வெளிர் தோலுக்குப் பொருந்துவதில்லை. கண்ணாடி முன்னால் உட்கார வைத்து இழை இழையாக முகத்தருகே பிடித்துக் காட்டும்போது அவர்களே பார்த்துவிடுவார்கள். தோல் நிறத்தைக் காரணம் காட்டி உங்களைத் திருப்பி அனுப்பும் இடத்துக்கு இன்னொரு முறை போகாதீர்கள்.

நரைக்காகக் கருப்பு டை போட்டுப் போட்டு அலுத்துப்போன நாற்பது வயதுக்காரர்கள் இப்போது நிறையப் பேர் வருகிறார்கள். அவர்களுக்கு ஹைலைட்ஸ் ஒரு நல்ல வழிதான். நரையே ஒரு இழையாகக் கலந்துவிடும், இருபது நாளுக்கு ஒரு முறை ஓட வேண்டாம். ஆனால் ஏற்கெனவே பிடித்த கருப்பு டையின் மேல் பழுப்பு டை போட்டால் பழுப்பாகாது. சாயம் சாயத்தை வெளுக்காது. பல முறை வந்து, மெதுவாகத்தான் அந்தக் கருப்பை எடுக்க முடியும். ஒரே நாளில் முடித்துத்தருகிறேன் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

உட்காரும் முன் சில விஷயங்கள், சுருக்கமாகவே சொல்கிறேன். 48 மணி நேரத்துக்கு முன் காதுக்குப் பின்னாலோ முழங்கை மடிப்பிலோ கொஞ்சம் சாயம் தடவி ஒவ்வாமை வருகிறதா என்று பார்க்கும் பேட்ச் டெஸ்ட் செய்யுங்கள், போன முறை ஒன்றும் ஆகவில்லை என்றாலும் செய்யுங்கள். கருப்பு மெஹந்தி கோன் போட்டுக் கை அரித்த அனுபவம் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். அதே பிபிடி தலையில் பட்டால் கண் இமை வீங்கி மூடிக்கொள்ளும், மூச்சுத் திணறினால் ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும். அமோனியா இல்லாத கலர் என்றால் பாதிப்பே இல்லாத கலர் என்று நினைக்காதீர்கள். அமோனியாவுக்குப் பதில் அதே வேலையைச் செய்யும் வேறொரு காரப்பொருள் (அல்கலி) இருக்கிறது, மூக்கில் ஏறாது, அவ்வளவுதான். ஸ்மூத்தனிங்கும் பிளீச்சும் ஒரே நாளில் வேண்டவே வேண்டாம். கல்யாணத்துக்கு என்றால் குறைந்தது இரண்டு மாதம் முன்னால் வாருங்கள். முகூர்த்த வாரத்தில் வந்து நின்றால் நானும் அவசரப்படுவேன், முடியும் தாங்காது.

போட்ட பிறகு நிறத்தைக் காப்பாற்றுவதில் பாதி உங்கள் வீட்டுத் தண்ணீரில் இருக்கிறது. சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டுப் பெண்ணுக்கும் போர் தண்ணீரில் குளிக்கும் பெண்ணுக்கும் ஒரே நாளில் ஒரே நிறம் போட்டிருக்கிறேன். ஒன்றரை மாதம் கழித்து இரண்டு பேரும் வந்தால் தண்ணீரை நானே சொல்லிவிடுவேன். உப்புத் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பும் இரும்பும் வெளுத்த இழையில் படிந்து அதை மங்கவும் செம்பட்டையாகவும் ஆக்கும். குளித்து முடித்ததும் கடைசியாக இரண்டு சொம்பு நல்ல தண்ணீரை முடிக்கு மட்டுமாவது ஊற்றுங்கள். மாதம் ஒரு முறை, உப்பை நீக்கும் கீலேட்டிங் ஷாம்பு போடுங்கள். வாரா வாரம் போட்டால் நிறமும் சேர்ந்து போய்விடும்.

ஊதா ஷாம்பு எல்லோருக்கும் அல்ல. ஊதா மஞ்சளை அடக்கும், நீலம் ஆரஞ்சை அடக்கும். நம் முடியில் தலைகாட்டுவது பெரும்பாலும் ஆரஞ்சு. எனவே கேட்டு வாங்க வேண்டியது நீல ஷாம்பு, அதுவும் பத்து நாளுக்கு ஒரு முறை. தேன் நிறம் கேட்டுப் போட்டவர்கள் அதையும் தொட வேண்டாம், காசு கொடுத்து ஏற்றிய பொன்னிறத்தை நீங்களே அடக்கிவிடுவீர்கள்.

சீயக்காய், அரப்பு பற்றிக் கேட்பீர்கள். எனக்கும் பிடித்தவைதான். ஆனால் பிளீச் ஏறிய இழைக்குப் பொடி தேய்ப்பது சொரசொரப்பு, டோனரும் சீக்கிரம் மங்குகிறது. உச்சந்தலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தேங்காய் எண்ணெய் தாராளமாக வைக்கலாம், முதல் நாள் ராத்திரியே நுனிவரை தடவிக் காலையில் சல்ஃபேட் இல்லாத ஷாம்பு போட்டு அலசுங்கள். அயர்ன் வைத்தால் 180 டிகிரிக்கு மேல் வேண்டாம். நீச்சல் குளத்தில் இறங்கும் முன் முடியை நல்ல தண்ணீரில் நனைத்துவிடுங்கள். பச்சை தட்டுவது குளத்துத் தண்ணீரில் இருக்கும் செம்பு உலோகத்தால். முடி ஏற்கெனவே தண்ணீர் குடித்திருந்தால் அதைக் குறைவாகத்தான் இழுக்கும்.

அந்தப் பெண்ணுக்குத் தோள்பட்டை வரை வெட்டினேன். மிச்சம் இருந்த பச்சைக்கும் செங்கலுக்கும் பெராக்சைடு இல்லாத பழுப்புப் பூச்சு மட்டும் கொடுத்தேன், வேறு எதையும் நம்பி வைக்க மனம் வரவில்லை. கல்யாணத்தன்று சவுரி வைத்துப் பின்னிப் பூ நிறைய வைத்தோம். போட்டோவில் ஒன்றும் தெரியவில்லை என்று அம்மா சொன்னார், சொல்லும்போதே அழுதார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. மகள் முடி நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் மாதாமாதம் உட்கார்ந்து பூசிவிட்டிருக்கிறார்.

உங்கள் வீட்டிலும் அம்மாவோ பாட்டியோ பூசிவிட்டிருப்பார்கள். பார்லருக்கு வரும்போது அந்தப் பொட்டலத்தைக் கையோடு கொண்டு வாருங்கள். தூக்கிப் போட்டிருந்தால் எந்தக் கடையில் வாங்கியது, எத்தனை நிமிஷத்தில் கருப்பானது, கடைசியாக எப்போது போட்டது என்று அம்மாவிடம் கேட்டு வந்து சொல்லுங்கள்.