முதலில் பிரேக், பிறகு கியர்

உடற்பயிற்சிக்காகச் சைக்கிள் ஓட்டத் தொடங்கியவர்கள் என் பட்டறைக்கு வந்ததும் பெரும்பாலும் கியரைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நான் முதலில் குனிந்து பார்ப்பது பிரேக் கட்டையை. மூக்கனேரிக் கரையைச் சுற்றிவிட்டு வீடு திரும்புபவருக்குத் தேய்ந்த கட்டை உடனே தொல்லை தராமல் போகலாம். ஆனால் சேலத்தில் சைக்கிள் வாங்கியவர், கோரிமேடு தாண்டி அடிவாரம் வரை போய்வந்தபின், என்றைக்காவது ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு ஏறிப் பார்க்காமல் இருப்பதில்லை. ஏறுவதற்கு மூச்சு போதும். 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வருவதற்குத்தான் நல்ல பிரேக் வேண்டும்.

சென்ற ஆண்டு ஒருவர் புதுக் கைப்பிடி, பளபளக்கும் பெடல் எல்லாம் மாட்டிய சைக்கிளுடன் வந்தார். பின்சக்கரத்துப் பிரேக் கட்டையில் ரப்பர் தீர்ந்து, உள்ளிருந்த இரும்பு ரிம்மைச் சுரண்டிக்கொண்டிருந்தது. கட்டை மாற்ற ஆகியிருக்கும் செலவு சில நூறு ரூபாய். அதைத் தள்ளிப்போட்டதால் ரிம்மையே மாற்ற வேண்டியதாயிற்று. டிஸ்க் பிரேக் வைத்திருப்பவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விலை குறைந்த டிஸ்க் தட்டுகள் சிலவற்றில், தட்டைப் பிடிக்கும் பேட் ரெசின் (பிசின்) வகையாக மட்டுமே இருக்க வேண்டும், அதையே பயன்படுத்த வேண்டும் என்று பொறித்திருக்கும். நீண்ட நாள் உழைக்கும் என்று எண்ணி அவற்றில் உலோகப் பேட் போட்டால், தட்டுதான் விரைவில் தேயும். எந்த வகைப் பிரேக்காக இருந்தாலும், இறக்கம் முழுவதும் லேசாகப் பிடித்தபடியே வராமல், வளைவுக்கு முன்பே நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டுப் பிறகு விடுவது சூட்டைக் குறைக்கும்.

அடுத்தது செயின். தேயத் தேய அது நீளும். கண்ணிகளை இணைக்கும் ஒரு பின்னிலிருந்து (pin) அடுத்த பின்வரை அரை அங்குலம் என்பதால், 24 இடைவெளிகள் சரியாக 12 அங்குலம் வர வேண்டும். வீட்டிலுள்ள இரும்பு அளவுகோலை வைத்துப் பார்க்கும்போது 1/16 அங்குலம் கூடியிருந்தால் செயினை மாற்றிவிடலாம். 1/8 அங்குலம் கூடும்வரை ஓட்டினால் பற்சக்கரங்களும் சேர்ந்து தேய்ந்துவிடும்; பிறகு புதுச் செயின் மட்டும் போட்டால் அது பற்களில் வழுக்கும். நம் ஊர்ப் புழுதியில் எண்ணெய் அதிகமாக ஊற்றுவதும் தவறுதான். துடைத்துவிட்டுக் கண்ணிக்கு ஒரு சொட்டு போதும்.

கியர்தான் மாற்ற வேண்டும் என்றால், செயினை ஒரு பற்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும் விலை உயர்ந்த டிரெயிலரை (derailleur) விட, அதிகப் பற்கள் கொண்ட ஃப்ரீவீல் (பின்சக்கரத்துப் பற்சக்கரத் தொகுதி) மலிவு, பயனும் அதிகம். முன்னால் 24 பல், பின்னால் 28 பல் என்றால் பெடலை ஒருமுறை சுற்றும்போது சக்கரம் ஏறத்தாழ 0.86 சுற்று ஓடும். பின்னால் 34 பல் வைத்தால் 0.71 சுற்றுதான் ஓடும், முழங்காலுக்கு அந்த அளவு சுமை குறையும். இருக்கிற டிரெயிலர் 34 பல்லைத் தாங்குமா, செயின் நீளம் போதுமா என்பதை மாட்டுவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

தார்ச் சாலையில் மட்டும் ஓட்டுபவருக்குக் கட்டைப் பற்கள் கொண்ட டயர் வீண் உழைப்பு. வழவழப்பான டயர் போட்டு, அதன் பக்கவாட்டில் அச்சிட்டுள்ள அளவுக்குள் காற்று வைத்தாலே ஓட்டம் இலகுவாகும். சீட்டைச் சரியான உயரத்தில் வைக்கக் காசே வேண்டாம்: பெடல் கீழே வரும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். குழாயில் குறித்திருக்கும் எல்லைக் கோடு வெளியே தெரியும் அளவுக்கு மட்டும் உயர்த்தக் கூடாது.