செர்விக்கல் இன்காம்பிடென்ஸ்: கருப்பைக் கழுத்து வலுக்குறைவு

சென்னை வண்ணாரப்பேட்டையில் 'செர்விக்கல் ப்ராப்ளம்' என்று சொன்னால் பாதிப் பேருக்குக் கழுத்துப் பட்டைதான் ஞாபகம் வரும். அதில் தப்பில்லை. லத்தீனில் செர்விக்ஸ் என்றால் கழுத்து. தலையைத் தாங்கும் கழுத்துக்கும், கருப்பையின் அடியில் குறுகி இறங்கும் பகுதிக்கும் ஒரே பெயர். கர்ப்பிணியின் ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'செர்விக்கல் லெங்த் 2.1 செ.மீ.' என்றிருந்தால் அது இரண்டாவது கழுத்து.

பேச்சில் இது 'கர்ப்பப்பை வாய்'. "வாய் லூசா இருக்குன்னு தையல் போட்டுட்டாங்க" என்பார்கள். ஆனால் வாய் என்பது திறப்பு மட்டுமே. வலுவிழப்பது, பிரசவம் வரை இறுகி மூடியிருக்க வேண்டிய கழுத்து. அது குட்டையாகி நெகிழ்வதால்தான் வாய் திறக்கிறது. தவிர, கர்ப்பப்பை வாய் என்றதுமே புற்றுநோயோ என்று வீட்டில் அழ ஆரம்பித்துவிடுகிறார்கள். இது அதுவல்ல. கருப்பை இறக்கமும் அல்ல.

இன்காம்பிடென்ஸுக்கு அகராதிப் பொருள் 'திறமையின்மை'. பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் போய் இப்படியா சொல்வது? ஆங்கிலத்திலேயே இப்போது 'இன்சஃபிஷியன்சி', அதாவது போதாமை, என்று மாற்றிக்கொண்டார்கள். தமிழில் 'கருப்பைக் கழுத்து வலுக்குறைவு' என்றால் யாருக்கும் புரியும்.

இதன் ஆபத்தே வலி தெரியாததுதான். நாலாம் மாதத்துக்கும் ஆறாம் மாதத்துக்கும் இடையில் சத்தமில்லாமல் வாய் திறந்து, பனிக்குடம் உடைந்து, கரு கலையலாம், இல்லாவிட்டால் குறைப்பிரசவம். அடிவயிற்றில் கனம், வெள்ளைப்படுதல் கூடுவது, லேசான ரத்தக் கசிவு, இடுப்பில் மந்தமான வலி, இவ்வளவுதான் முன்னறிகுறி. சிலருக்கு அதுவும் இருக்காது. முந்தைய பிரசவத்தில் கழுத்து கிழிந்தது, அங்கே நடந்த அறுவைச் சிகிச்சை, பிறவி அமைப்பு ஆகியவை காரணமாகலாம். லாரித் தண்ணீர்க் குடம் தூக்கியதால்தான் இப்படி ஆச்சு என்று மருமகளைத் திட்டுவது வீண்.

அந்தத் தையலின் பெயர் செர்க்லாஜ். பிரெஞ்சில் பீப்பாய்க்கு வளையம் மாட்டுவதற்கான சொல். பம்பாய் மருத்துவர் வி. என். ஷிரோத்கர் தன் முறையை 1955-இல் எழுதியது சென்னையில் வெளிவந்த 'ஆன்டிசெப்டிக்' இதழில்! 1957-இல் மெல்போர்னின் மெக்டொனால்டு இன்னும் எளிய முறையைச் சொன்னார்: கழுத்தைச் சுற்றி நூல் ஓட்டி, சுருக்குப் பையைப் போல இழுத்து முடிவது.

முன்பே இப்படிக் கரு கலைந்தவர்களுக்கு 12 முதல் 14 வாரத்தில் தையல் போடுவார்கள். முன்பு குறைப்பிரசவம் ஆனவர்களுக்கு, 24 வாரத்துக்குள் கழுத்து நீளம் 25 மி.மீ.க்குக் கீழே போனாலும் போடுவதுண்டு. 36, 37 வாரத்தில் பிரித்துவிடுவார்கள். அதற்குள் வலி வந்தாலோ நீர் உடைந்தாலோ விடியட்டும் என்று இருக்கக் கூடாது. தையலோடு பிரசவ வலி முற்றினால் கழுத்து கிழிந்துவிடலாம். ஆர்.எஸ்.ஆர்.எம். அரசுப் பிரசவ ஆஸ்பத்திரியோ வேறு எந்த ஆஸ்பத்திரியோ, உள்ளே நுழைந்ததும் "தையல் போட்டிருக்கு" என்பதை முதலில் சொல்ல வேண்டும்.